கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைப்போம்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது புரட்டாதி பிறந்திருக்கும். வயற்காரர் வானத்தைப் பார்க்கத் தொடங்கும் காலம். காலபோகத்துக்கு விதைக்க முன்னர் வாய்க்காலும் மதகும் துப்புரவாக இருக்கவேண்டும் என்பது சண்டிலிப்பாயில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆனால் அந்த வாய்க்காலைத் துப்புரவாக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், உடனே பதில் சொல்ல எங்களால் முடிவதில்லை. இம்முறை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே உங்களோடு பேச விரும்புகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல எங்களிடம் இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், சங்கானை என்று வயல்களுக்கூடாக வந்து அராலியில் கடல்நீரேரியைத் தொடுகிறது. இந்தக் குறுகிய தூரத்துக்குள் அது எத்தனை எல்லைகளைக் கடக்கிறது என்று பாருங்கள். அளவெட்டி வலிகாமம் வடக்கு. கந்தரோடை வலிகாமம் தெற்கு. நாங்கள் தென்மேற்கு. சங்கானையும் அராலியும் மேற்கு. நான்கு பிரதேச சபைகள், நான்கு பிரதேச செயலகங்கள். கரையோரம் எங்கும் கமக்காரர் அமைப்புகள். மேலே ஒரு மதகு அடைபட்டால் கீழே வயலுக்கு நீர் குறையும். கீழே அடைபட்டால் மேலே வளவுகளுக்குள் வெள்ளம் நிற்கும். அராலி அணைக்கட்டின் கதவுகளைக் காலமறிந்து திறந்து மூடாவிட்டால் மழைநீர் வீணே கடலுக்குப் போகும், உவர்நீர் உள்ளே ஏறும். வயலோடு போகிற விசயமும் இல்லை இது. எங்கள் கிணறுகளில் உள்ள நன்னீர், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் நீர். மாரியில் நிலத்துக்குள் இறங்குவதைத்தான் பங்குனி, சித்திரையில் இறைக்கிறோம். ஆற்றை மறந்த ஊர் தன் கிணற்றையும் மறந்த ஊர்தான்.

ஆக, சண்டிலிப்பாய்க் கமக்காரர் தங்கள் பகுதியை எவ்வளவு அழகாகத் துப்புரவாக்கினாலும், அளவெட்டியும் அராலியும் கைகொடுக்காமல் அது அரைவேலைதான். சங்கங்கள் கைகோர்ப்பது நல்ல பண்பு என்பதற்காக இதை எழுதவில்லை. கைகோர்க்காவிட்டால் நீர் இல்லை.

எங்கள் ஊர்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஓர் ஒழுங்கையில் இறங்கி நடந்தால் சனசமூக நிலையம், அதை ஒட்டி வாசிகசாலை, எதிரே விளையாட்டுக் கழகத்தின் கொட்டகை, சற்றுத் தள்ளி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கட்டடம், மூலையில் கூட்டுறவுச் சங்கக் கிளை, அப்பால் கோயில், கோயிலுக்கு ஒரு பரிபாலன சபை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய மாணவர் சங்கம். இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. சம்பளம் வாங்காமல், பின்னேரம் வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் போய் இருக்கிற மனிதர்களால்தான் இந்த ஊர்கள் எழுந்து நிற்கின்றன. அந்த மனிதர்களை இந்தப் பக்கத்தில் இருந்து கைகூப்பி வணங்குகிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சனசமூக நிலையம் பதிவும் கணக்கும் காட்டுவது பிரதேச சபைக்கு. கமக்காரர் அமைப்பு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல சேவை நிலையத்துக்கு. கூட்டுறவுச் சங்கம் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மாதர் சங்கம் கிராம அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. விளையாட்டுக் கழகம் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தருக்கு. கோயில் சபைக்கு அதன் யாப்பும் உபயகாரரும். எல்லாச் சங்கமும் மேலே யாரோ ஒருவருக்குக் கணக்குக் காட்டுகிறது. பக்கத்து வேலிக்கு அப்பால் இருக்கும் சங்கத்துக்கு எதையும் காட்டுவதில்லை. விழா என்றால் அழைப்பிதழ் போகும். சரமகவி அடித்தால் எல்லாச் சங்கத்தின் பெயரும் அதில் வரும். கணக்குப் புத்தகம் மட்டும் அலுமாரிக்குள் பூட்டியிருக்கும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இரண்டு சங்கங்களின் உறவு நீடிக்குமா என்பதை மேடையில் யார் யாருக்கு மாலை போட்டார்கள் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றின் கணக்கை மற்றது பார்க்க முடிகிறதா என்பதை வைத்துச் சொல்லலாம்.

இது புதிய யோசனை இல்லை. எங்கள் மண்ணில் நூறு வருடத்துக்கு முன்னரே நடந்து பார்த்தது.

1911இல் இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதன் கீழ் கிராமங்களில் எழுந்த கடன் சங்கங்கள் பெரும்பாலும் வரையறையற்ற பொறுப்புள்ளவை. ஜெர்மனியில் ரைபைசன் தொடங்கிவைத்த முறை அது. சங்கம் பட்ட கடனைத் தீர்க்க முடியாமல் போனால் ஒவ்வோர் அங்கத்தவனும் தன் சொந்தச் சொத்தால் பதில் சொல்லவேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறும் ஏற்பாடு. தோட்டத்தையும் வளவையும் பணயம் வைத்தல்லவா கையெழுத்துப் போடுகிறான்! ஆனால் அந்தப் பயமே அவர்களைப் பழக்கியது. யாருக்கு எவ்வளவு கடன், எதற்காக, எப்போது திருப்புவார் என்பதை மூடி மறைக்க முடியாது. வட்டிக்காரனின் வாசலில் தனியாகப் போய் நின்றவன், அயலவர் ஐந்து பேருக்கு முன்னால் தன் நிலைமையைச் சொல்லப் பழகினான். கூச்சம் இருந்திருக்கும். ஆனாலும் சொன்னான். ஒருவன் கணக்கை மற்றவன் பார்த்தான். அதன்மேல்தான் நம்பிக்கை வளர்ந்தது.

அப்படி ஒரு ஊருக்குள் பழகிய வழக்கம் ஊருக்கு ஊர் பரவியபோது, சங்கங்கள் சேர்ந்து பெரிய காரியங்களில் இறங்கின. 1929இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு மாகாண வங்கி தொடங்கியது. கிராமச் சங்கங்களின் பணத்தை ஓரிடத்தில் சேர்த்து, மிஞ்சிய ஊரிலிருந்து தேவைப்பட்ட ஊருக்குக் கொடுக்கும் வங்கி. புகையிலைச் செய்கையாளர் சேர்ந்து, தரகர் கைக்கு விடாமல் திருவிதாங்கூர்ச் சந்தைக்குத் தாங்களே அனுப்ப விற்பனைச் சங்கம் அமைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய மூளாயில், 1930களின் நடுப்பகுதியில், ஊர் மக்கள் அங்கத்தவராகச் சேர்ந்து கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையே நடத்தத் தொடங்கினார்கள். மூளாய் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. நோயாளியாகப் போய்ப் படுத்தவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு சங்கத்தின் சொத்து என்று தெரியுமோ!

இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் எங்கள் அயலவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக நீண்டகாலம் இருந்த வீ. வீரசிங்கம். 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானவர். யாழ் நகரில் கூட்டுறவாளர்கள் கட்டிய மண்டபத்துக்கு அவர் பெயர்தான். வீரசிங்கம் மண்டபம் என்றதும் எங்களுக்கு 1974 தை மாதத்துத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளின் துயரம் நினைவுக்கு வரும். அந்த நினைவு வரவேண்டியதுதான். அதோடு, பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து நகரின் நடுவே ஒரு மண்டபத்தை எழுப்பும் அளவுக்கு வளர்ந்திருந்தன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி அதிபர் ஒருவர் பின்னேரங்களில் கமக்காரரோடும் சங்கக் காரியதரிசிமாரோடும் இருந்து பேரேட்டைப் புரட்டிய காலம் அது. படித்தவருக்கு அது குறைவான வேலை என்று அவர் நினைக்கவில்லை.

பள்ளிக்கூடங்களின் கதையும் இதேதான். 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், 'இந்து போட்' இராசரத்தினம் அவர்களின் உழைப்பால் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. ஊர்க்காரர் காணி கொடுத்தார்கள், கொட்டில் போட்டார்கள், பிடியரிசி சேர்த்தார்கள். சங்கம் முகாமையையும் ஆசிரியரையும் அரசாங்க நன்கொடை வாங்கும் அலுவலையும் ஏற்றது. ஊருக்கு இருந்தது ஊரிடம், சங்கத்துக்கு இருந்தது சங்கத்திடம். 1960இல் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டம் வரும்வரை அந்த ஏற்பாடு நின்றது. சுமார் நாற்பது வருடம். ஒரு தலைமுறை முழுவதும் அதில் படித்து வெளியே வந்தது.

சேர்ப்பதெல்லாம் சேர்க்கை ஆகாது என்பதற்கும் எங்களிடம் பாடம் உண்டு. 1957இல் பிலிப் குணவர்தன அமைச்சராக இருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊரூராக வந்தன. 1970, 71இல் புதிய சட்டத்தோடு நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு சங்கங்களை இணைத்துச் சில நூறு பெருஞ்சங்கங்கள் ஆக்கினார்கள். கணக்குக்கு அது வசதி. பங்கீட்டு அரிசியும் சீனியும் கொடுக்க வசதி. ஆனால் ஊர்க்காரன் தன் சங்கம் என்று சொன்னது ஒரு கிளைக் கடையாகிப் போனது. அங்கத்தவன் கூப்பன் கொண்டுபோகும் வாடிக்கையாளன் ஆனான். கேள்வி கேட்கும் கூட்டம் தூரத்துக்குப் போய்விட்டது. நான் அதைக் கூட்டு என்று சொல்லமாட்டேன். சொந்த முகம் உள்ள இரண்டு பேர் கைகொடுத்தால்தான் கூட்டு. உலகக் கூட்டுறவு இயக்கமும் 1966இல் தன் கொள்கைகளில் 'கூட்டுறவுச் சங்கங்களுக்கிடையே ஒத்துழைப்பு' என்பதைச் சேர்த்தபோது, தனித்து நிற்கும் சங்கங்கள் சேர்ந்து இயங்குவதையே சொன்னது.

பிறகு வந்த காலத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, வாசிக்கும் நீங்களே அதைச் சுமந்தவர்கள். 1995 ஆடி 9ஆம் திகதி, எங்கள் பிரதேசத்திலேயே நவாலியில், இடம்பெயர்ந்து வந்த சனம் புனித பேதுரு தேவாலயத்திலும் அருகே முருகன் கோயிலிலும் ஒதுங்கியிருந்தபோது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று தேவாலயமும் கோயிலும் வந்தவரின் சமயம் கேட்டுக் கதவு திறக்கவில்லை. அதே ஆண்டு ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த சித்திரைக்குப் பின்னர்தான் சனம் திரும்பத் தொடங்கியது. திரும்பி வந்தபோது சங்கக் கட்டடங்களின் கூரை போயிருந்தது, அலுமாரி போயிருந்தது. அலுமாரிக்குள் இருந்த கூட்டறிக்கைப் புத்தகங்களும் அங்கத்தவர் பதிவேடுகளும் காணிப் பத்திரங்களும் போயின. கூரையைப் பிறகு போட்டோம். கூட்டறிக்கையைத் திரும்ப எழுத முடியாது. எந்தச் சங்கம் எந்தச் சங்கத்துக்கு என்ன வாக்குக் கொடுத்தது, எந்தக் காணியில் யாருக்கு வழிவிட்டது, எந்த வாய்க்காலை யார் பார்ப்பது என்று இருந்தது எல்லாம் வயதுபோனவர்களின் நினைவில் மட்டும் தங்கிற்று. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கிடையே வரும் பிணக்குகளில் பாதி, இந்தத் தொலைந்த தாள்களால் வருபவை என்றே நினைக்கிறேன்.

யுத்தம் முடிந்தபின் உதவி வந்தது. நன்றியோடு சொல்லவேண்டும், நிறைய வந்தது. ஆனால் வந்த ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று ஒரு குழுவை ஊரில் உண்டாக்கியது. வீட்டுத் திட்டத்துக்கு ஒரு பயனாளிகள் குழு, கோழிக்கு ஒரு சுயஉதவிக் குழு, நீருக்கு ஒரு குழு. ஏற்கனவே இருந்த மாதர் சங்கத்தை, கமக்காரர் அமைப்பை நம்பிக் கொடுக்கப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. திட்டக் காலம் முடிந்தது, உத்தியோகத்தர் மாறிப்போனார், குழு கலைந்தது. பெயர்ப்பலகை மட்டும் இன்னும் சந்தியில் நிற்கிறது.

புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் பிரான்சிலும் ஊர்ச் சங்கம் வைத்து, குளிருக்குள் வேலைக்குப் போய் உழைத்த காசில் பிள்ளைகளின் படிப்புக்கு அனுப்புகிறீர்கள். அது இல்லாமல் பல பள்ளிக்கூடங்களில் கொம்பியூட்டர் இல்லை, பல கோயில்களில் மண்டபம் இல்லை. மானிப்பாயில் 1848இல் வைத்தியர் சாமுவேல் கிறீன் தொடங்கி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த இடத்தில் இன்றைக்கும் நோயாளர் பார்க்கப்படுகிறார்கள் என்றால், தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனத்தோடு வெளிநாட்டில் உள்ள மானிப்பாய் நண்பர்கள் கைகோர்த்ததும் ஒரு காரணம். ஆனால் பொதுவாக நடப்பது என்ன? நீங்கள் ஊரிடம் கணக்குக் கேட்கிறீர்கள், பற்றுச்சீட்டுக் கேட்கிறீர்கள், படம் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். உங்கள் சங்கத்தின் கணக்கை ஊர்ச் சங்கம் பார்க்கிறதா? இராப்போசன விருந்தில் எவ்வளவு சேர்ந்தது, மண்டப வாடகைக்கு எவ்வளவு போனது, அடுத்த வருடத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஊருக்குத் தெரியுமா? ஒரு பக்கம் மட்டும் திறந்த புத்தகம் தருமம் ஆகலாம், கூட்டாக முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, உறவுக்காரன் உரிமையோடு கேட்கிறேன்.

அண்மையில் வலிகாமத்தில் ஓர் ஊரில், ஊரின் பெயர் வேண்டாம், ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று நின்றுபோய்க் கிடந்தது. வெளிநாட்டில் உள்ள ஊரவர் வாங்கிக் கொடுத்த இயந்திரம். கோயில் சபை காணி விட்டது. மின்சாரம் வாசிகசாலையின் மானியிலிருந்து. நீர் நிரப்பிக் கொடுப்பது மாதர் சங்கம். நான்கு தரப்பும் மனமொத்துத் தொடங்கியதுதான். ஆனால் உள்ளேயிருக்கும் வடிகட்டி மாற்றும் காலம் வந்தபோது யார் காசு போடுவது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வாசிகசாலையின் பொருளாளர், முப்பது வயது வராத பெடியன், எழும்பிச் சொன்னான்: "மெசின் பூட்டின அண்டைக்கு எல்லாரும் வந்தனீங்கள். கரண்ட் பில் வாற நேரம் நான் மட்டும்தான் நிக்கிறன்." கோயில் சபையில் ஒருவருக்குக் கோபம் வந்தது. "காணியை விட்டுட்டு நாங்கள் குற்றவாளியோ?" என்றார். கூட்டம் அதோடு கலையப் பார்த்தது.

பின்வரிசையில் இருந்த மாதர் சங்கத்து அம்மா ஒருவர், கைப்பைக்குள் இருந்து சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்தார். "தம்பி, ஒருக்கால் இருங்கோ. மாஸ்ரர், நீங்களும் இருங்கோ. தண்ணி எடுத்த கலன் முழுக்க நாங்கள் எழுதி வைச்சிருக்கிறம். வந்த காசும் கிடக்கு. ஒருத்தரும் கேக்கேல்லை, அதால காட்டேல்லை." கொப்பி மேசைக்கு வந்தது. திகதி, கலன் எத்தனை, பணம், கையொப்பம். ஈரக் கையால் புரட்டிய பக்கங்கள் அலையலையாகச் சுருண்டிருந்தன. பொருளாளர் தன்னிடம் இருந்த மின்கட்டணச் சீட்டுகளை அதற்குப் பக்கத்தில் அடுக்கினான். கோயில் சபை மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டிக் கழித்தார். வடிகட்டி வாங்க முழுக் காசு இல்லை, ஆனால் பாதிக்கு மேல் இருந்தது. மிச்சத்தை எப்படிப் பங்கிடுவது என்று பேசி முடிக்க அரை மணித்தியாலம் எடுக்கவில்லை. அந்த அம்மாவின் கொப்பி முதல் மாதத்திலேயே மேசைக்கு வந்திருந்தால் கோபத்துக்கு இடமே வந்திராது. அவர் மறைக்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

கணக்கைக் காட்டச் சொன்னால் "என்னை நம்பவில்லையோ?" என்று மனம் நோகிறோம். எங்கள் சங்கங்களின் பெரிய வருத்தம் இதுதான். பொதுப்பணியில் தலை நரைத்த ஒருவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று இளையவர்களும் ஒதுங்குகிறார்கள். அந்தப் பெரியவர் கண்மூடினாலோ, பிள்ளைகளோடு வெளிநாடு போனாலோ, அவர் கட்டிக்காத்த உறவும் அவரோடு போய்விடுகிறது. அந்தச் சங்கத்தின் தலைவரும் இந்தச் சங்கத்தின் தலைவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் இருபது வருடம் சுமுகமாக நடந்த காரியங்கள் உண்டு. அடுத்து வந்த இருவரும் ஒரே வகுப்பில் படித்திருக்கமாட்டார்களே. பெரியவர்களே, கணக்கைக் காட்டுங்கள் என்பது உங்கள்மேல் ஐயம் அல்ல. உங்களுக்குப் பின்னும் உங்கள் காரியம் நடக்கவேண்டும் என்ற ஆசை.

இரண்டு சங்கங்கள் ஒரு வேலையைச் சேர்ந்து தொடங்கினால், சட்டத்தரணி எழுதும் பத்திரம் தேவையில்லை. ஒரு தாள் போதும். எந்த வேலை, எவ்வளவு காலம், யார் எதைக் கொடுப்பது, பழுதானால் யார் செலவு, ஒருவர் விலக விரும்பினால் எத்தனை மாதம் முன்னதாகச் சொல்லவேண்டும், வாங்கிய சாமான் அப்போது யாருக்கு. இதை எழுதி, தலைவர் மட்டும் அல்லாமல் பொருளாளர்களும் கையெழுத்து வைத்து, இரண்டு சங்கத்தின் கூட்டறிக்கையிலும் ஒட்டுங்கள். ஒவ்வொரு பக்கமிருந்தும் குறைந்தது இரண்டு பேர் அந்த வேலையைத் தெரிந்து வைத்திருக்கட்டும். அதில் ஒருவர் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் மெத்த நல்லது. மாதர் சங்கங்களை வெறுமனே தேநீருக்கும் கோலத்துக்கும் கூப்பிடாமல் கணக்குக்குக் கூப்பிடுங்கள். சீட்டுக்காசும் சிறுசேமிப்பும் நடத்திப் பழகிய கைகள் அவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து இருந்து வரவு செலவைப் படித்து, வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள். நாலு பேர் நின்று வாசிப்பார்கள். அதில் ஒருவர் குறை சொல்வார். சொல்லட்டும். குறை சொல்ல வந்தவரையும் அடுத்த துப்புரவு வேலைக்கு மண்வெட்டியோடு வரச் சொல்லலாம்.

எல்லை தாண்டிய கை எங்களுக்குப் புதிதும் இல்லை. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தபோது, 2015இன் தொடக்கத்தில் ஊர் மக்களும் அமைப்புகளும் வீதிக்கு வந்தது நினைவிருக்கும். அந்த விவகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்காகக் கொண்டுபோனவர் ரவீந்திர குணவர்தன காரியவசம், தெற்கில் இயங்கும் ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவர். 2019 சித்திரை 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட, 500 பேருக்கு மேற்படாத குடியிருப்பாளருக்கு, ஒருவருக்கு 40,000 ரூபாய்க்கு உட்பட்டு, மொத்தம் 2 கோடி ரூபாய் கொடுக்குமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கிணற்றின் இழப்புக்கு நாற்பதினாயிரம் போதுமா என்று கேட்டால் போதாது என்றே சொல்வேன். ஆனால் எங்கள் கிணற்றுக்காகத் தெற்கிலிருந்து ஒருவர் நான்கு வருடம் வழக்காடினார். அந்த வழக்கு, கையில் இருந்த நீர்ச் சோதனை அறிக்கைகளும் ஆவணங்களும் பேசியதால்தான் தீர்ப்பு வரை போனது. தாளில் எழுதி வைத்தது எங்கு போய் உதவும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

திரும்பவும் வழுக்கையாற்றுக்கு வருகிறேன். அளவெட்டியிலிருந்து அராலி வரை உள்ள கமக்காரர் அமைப்புகள் வருடத்துக்கு இரண்டு தடவை, விதைப்புக்கு முன் ஒன்றும் அறுவடைக்குப் பின் ஒன்றுமாக, ஓரிடத்தில் இருந்து பேசினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பிரதேச சபைகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல சேவை நிலையங்களும் தங்கள் தங்கள் எல்லைக்குள் வேலை செய்கின்றன. எல்லைகளைச் சேர்த்துப் பார்க்கும் கண் ஊருக்குத்தான் இருக்க முடியும். எந்த மதகு எந்த ஆண்டு திருத்தப்பட்டது, எவ்வளவு செலவு, யார் கொடுத்தது, எந்த இடத்தில் குப்பை கொட்டுகிறார்கள் என்று ஆறு முழுவதற்கும் ஒரே பதிவேடு இருந்தால், அடுத்த முறை அலுவலகத்துக்கு மனுக் கொண்டுபோகும்போது ஒரு சண்டிலிப்பாய்க்காரனின் முறைப்பாடாக அல்லாமல் பத்து ஊரின் கணக்காக அது போகும். கரையில் வயல் இல்லாத சங்கங்களுக்கும் இதில் இடம் உண்டு. விளையாட்டுக் கழகப் பிள்ளைகளுக்குச் சிரமதானம் கைவந்த கலை. பழைய மாணவர் சங்கங்களில் பொறியியலாளர் இருக்கிறார்கள். வெளிநாட்டு உறவுகள் ஒரு மதகின் செலவை ஏற்கலாம், பெயர்ப்பலகை கேளாமல்.

இந்த இதழால் செய்யக்கூடியது சிறியது. அதைச் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து கடைசிக்கு முன் பக்கத்தை ஒதுக்கி வைக்கிறோம். வலிகாமத்தில் எந்த இரண்டு சங்கமும், அல்லது ஊரில் ஒன்றும் வெளிநாட்டில் ஒன்றுமாக, சேர்ந்து செய்த ஒரு வேலையின் வரவு செலவை இரு பொருளாளரின் கையெழுத்தோடு அனுப்பினால் அப்படியே அச்சிடுவோம். கட்டணம் இல்லை. தொகை சிறியதோ பெரியதோ பரவாயில்லை. ஐயாயிரம் ரூபாய் மதகு வேலையும் வரலாம், ஐம்பது இலட்ச ரூபாய்க் கட்டடமும் வரலாம். மிஞ்சியது எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதும் அதில் இருக்கவேண்டும். திறப்பு விழாப் படம் அந்தப் பக்கத்துக்கு வேண்டாம், அதற்கு வேறு பக்கம் தருவோம்.

1995க்கு முந்திய கூட்டறிக்கைப் புத்தகமோ, அங்கத்துவப் பற்றுச்சீட்டோ, சங்கக் கடிதமோ உங்கள் வீட்டு றங்குப் பெட்டிக்குள் இருந்தால், அதையும் தெரியப்படுத்துங்கள். மூலத்தை நாங்கள் வாங்கமாட்டோம். உங்கள் வீட்டுக்கே வந்து படம் பிடித்து, ஒரு பிரதியை உங்களுக்கும் ஒன்றைச் சங்கத்துக்கும் தருவோம். வயதானவர்கள் சொல்லச் சொல்ல எழுதியெடுக்க உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். வீட்டில் தாத்தாவோ அம்மம்மாவோ சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர் என்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பிள்ளைகளை அனுப்புகிறோம்.

கணக்குகள் ஐப்பசி 15ஆம் திகதிக்குள் எங்களுக்குக் கிடைக்கவேண்டும். வழுக்கையாற்றங்கரைக் கமக்காரர் அமைப்புகளின் செயலாளர்கள் தங்கள் பகுதியில் உள்ள மதகுகளின் பட்டியலை அதற்கு முன்னரே அனுப்பினால், அடுத்த இதழில் ஆற்றின் வரைபடம் ஒன்றை நடுப்பக்கத்தில் போட எண்ணம். உங்கள் பகுதியின் மதகு அதில் விடுபடக்கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்